ஓதலும் படிப்பும்: ஏறாவூர் வீதியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரையொன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் இல்லப் போட்டிகளைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியான பலர் எம்மிடையே உள்ளனர். ஆகையால் எமது பாடசாலையின் பழைய குழுப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனதில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். அப்படங்களில் முஸ்லிம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களின் பெண்பிள்ளைகள் அந்நாட்களில் எங்கே படித்தார்கள்? என்ன படித்தார்கள்? ஏன் எங்களோடு படிக்கவில்லை?

நான் தன்னாமுனையைச் சேர்ந்தவள். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இளைய தலைமுறைப் பழைய மாணவியருக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால், பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான் தாண்டி வருவது தன்னாமுனை. இடது பக்கம் வாவி, வலது பக்கம் சற்றுத் தள்ளிக் கடல். கத்தோலிக்கக் கிராமம். அதே வீதியில் மயிலம்பாவெளியைக் கடந்து இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஏறாவூர். அங்கே வீதியின் இருபுறமும் பள்ளிவாசல்களும் கடைகளும். தென்காற்றும் வாடைக்காற்றும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். பேச்சிலும் சாப்பாட்டிலும்கூடப் பெரிய வித்தியாசமில்லை. கிழக்கின் தமிழரைப் போலவே முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொது. அப்படியிருந்தும் பள்ளிக்கூட விடயத்தில் இரண்டு ஊர்களும் இரண்டு பாதையில் போயின.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். "முஸ்லிம்கள் அந்நாளில் பிள்ளைகளைப் படிப்பிக்கவில்லை" என்று எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். அது சரியன்று. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஓதப்பள்ளி இருந்தது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் லெப்பையின் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிவாசல் முன்றிலிலோ பிள்ளைகள் கூடுவார்கள். மரப்பலகையில் எழுதி, ஓதி, பாடம் வந்தபின் கழுவி, அடுத்த பாடத்தை எழுதுவார்கள். மஃரிபுக்குப் பிறகு மீண்டும் ஓதல். பெண்பிள்ளைகளுக்குப் பல இடங்களில் பெண்களே ஓதிக்கொடுத்தனர். வீட்டு விறாந்தையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்து ஓதிக்கொடுக்கும் மூத்தம்மா ஒருவர் இல்லாத தெரு இருக்காது. குர்ஆனை முழுதாக ஓதி முடித்தால் வீட்டில் விருந்து, அயலுக்குப் பலகாரம்.

அரபு எழுத்துத் தெரிந்த பெண் அரபுத்தமிழையும் வாசிப்பாள். தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில், தமிழுக்கென்று சில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் முறை அது. மார்க்கச் சட்டங்கள், நபிமார் கதைகள், மாலைகள் என்று ஒரு பெரிய இலக்கியமே அந்த எழுத்தில் உண்டு. கையெழுத்து வைக்கத் தெரியாதவள் என்று அரசாங்கக் கணக்கில் பதியப்பட்ட பெண், தன் வீட்டில் ஒரு நூலை வாசித்துப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்திருக்கக்கூடும். எழுத்தறிவு என்பது யாருடைய எழுத்தால் அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் அந்த எழுத்து கச்சேரியில் செல்லவில்லை, கோட்டில் செல்லவில்லை, உறுதி வாசிக்க உதவவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

மட்டக்களப்பில் ஐரோப்பிய முறையிலான கல்வியைத் தொடங்கியவர்கள் மெதடிஸ்த மிஷனரிமார். வில்லியம் ஓல்ட் ஐயர் 1814இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டே இங்கேயே காலமானார். ஒன்பது மாதங்கள்கூட வாழாத மனிதர் விட்டுச்சென்ற வேலை இன்றும் நிற்கிறது. பெண்களுக்கான வின்சன்ற் பாடசாலையின் தொடக்கம் 1820. பின்னர் கத்தோலிக்கத் துறவியரும் கன்னியரும் வந்தனர். 1869இன் பின் அரசாங்கம் உதவி நன்கொடை கொடுக்கத் தொடங்கியதும் மிஷன் பாடசாலைகள் வாவிக்கரை நெடுகப் பெருகின. எங்கள் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தது அந்தப் பாடசாலைகளால். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் ஏறாவூரின் ஒரு தகப்பனின் இடத்தில் நின்று பாருங்கள். அந்தப் பாடசாலையில் முதல் மணித்தியாலம் வேத பாடம். வாசிப்புப் புத்தகத்தில் வேதக் கதை. பாடசாலைக்குப் பொறுப்பானவர் குருவானவர். பிள்ளை நன்றாகப் படித்தால் ஆசிரியை ஆகலாம். ஆசிரியை வேலைக்கு ஞானஸ்நானம் பெற்றிருப்பது உதவும் என்பது ஊரறிந்த விடயம். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் மனச்சாட்சிப் பிரிவு என்று ஒன்று சேர்க்கப்பட்டது. வேறு மதப் பிள்ளையைப் பெற்றோரின் விருப்பமின்றிச் சமய பாடத்தில் இருத்தக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் நல்லது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை எல்லோரும் உள்ளே பாட்டுப் பாடும்போது தான் மட்டும் வெளியே மரத்தடியில் நிற்பதை எந்தச் சட்டமும் இலகுவாக்காது. ஆகவே பெற்றோர் பிள்ளையை அனுப்பவில்லை. ஆண்பிள்ளையையாவது சிலர் துணிந்து அனுப்பினர். பெண்பிள்ளையை அனுப்பத் துணிந்தவர் மிகச் சிலர்.

இதை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட்டவர்கள் இருந்தனர். அப்படித் தள்ளாமல், அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு, ஆனால் அதற்குப் பதில் வீட்டில் இருப்பது அல்ல என்று முதலில் உரக்கச் சொன்னவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை. 1838இல் பிறந்தவர், புரொக்டர் தொழில் பார்த்தவர். 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய "அசன்பே சரித்திரம்" தமிழின் மிகப் பழைய நாவல்களில் ஒன்று என்பதை எம்மில் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். எகிப்திலிருந்து ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் நட்பும், வாப்பிச்சி மரைக்காயர் போன்ற தனவந்தரின் துணையும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் சாஹிராவாக வளர்ந்த மத்ரஸா தோன்றியது. இவை பலரும் அறிந்த செய்திகள். சித்திலெப்பை கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை நடத்தினார் என்பதும், சிறுவர்க்கான தமிழ், அரபுப் பாடநூல்களைத் தாமே எழுதினார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அவருடைய நாவலைவிட அந்தப் பாலபாடங்களே பெரிதாகப் படுகின்றன. சமயமும் புதுக்கல்வியும் ஒத்துப்போகுமா என்று பெரியவர்கள் மேடையில் விவாதித்துக்கொண்டிருக்கையில், முதலாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டுமே என்று யோசித்த மனிதர் அவர்.

சித்திலெப்பைக்குச் சற்று முன்னதாக வட இந்தியாவில் சேர் செய்யது அகமது கான் அலிகாரில் 1875இல் தொடங்கிய கல்லூரியின் பெயரையே ஏறாவூரின் பிரதான பாடசாலை இன்றும் தாங்கி நிற்கிறது. அலிகார் என்ற பலகையை பஸ்ஸிலிருந்து பார்த்தே வளர்ந்த தன்னாமுனைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒரு இந்திய நகரத்தின் பெயர் என்று தெரியும்?

கிழக்குக்கு அந்த அலை வரச் சுணங்கியது. 1942இல்தான் அதற்கு ஓர் உருவம் கிடைத்தது. உலக யுத்த காலம்; உணவு உற்பத்தியைப் பெருக்கும் அவசர வேலைக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, முதலில் ஓதப்பள்ளியிலும் பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இந்த வரிசையைக் கவனியுங்கள். ஓதப்பள்ளி, இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம், இந்துக் கல்லூரி, பல்கலைக்கழகம், சிவில் சேவை. இந்தப் பாதையில் வந்தவர் தம் மார்க்கத்தை எங்கும் இழக்கவில்லை. பிற்காலத்தில் "இலங்கையில் இஸ்லாம்" என்ற நூலையும் எழுதினார். ஆகவே "மற்றவர் பாடசாலையில் படித்தால் ஈமான் போய்விடும்" என்ற வாதத்துக்கு அவரே நடமாடும் மறுப்பு.

ஆனால் அவர் கல்முனையில் என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவையானது. "என்னைப் போல நீங்களும் இந்துக் கல்லூரிக்குப் போங்கள்" என்று அவர் உபதேசிக்கவில்லை. வயலையும் நெல்லையும் பார்க்க வந்த அதிகாரி, திறமையிருந்தும் வறுமையால் படிப்பை விட்ட பிள்ளைகளைக் கண்டார். அதே ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. இந்த அனுபவமே 1945இல் கொழும்பில் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக விரிந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவர் நெருங்கிப் பழகியது இந்தக் கல்முனைக் காலத்தில். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் எழுப்பிய ஒரு துறவியும், முஸ்லிம் பிள்ளைகளுக்கு உபகாரப் பணம் தேடிய ஓர் அதிகாரியும் மட்டக்களப்பு மண்ணில் நண்பர்களாக இருந்தார்கள் என்பதை இக்காலப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1948இல் அஸீஸ் சிவில் சேவையை உதறிவிட்டு சாஹிராவின் அதிபரானார். சம்பளமும் பதவியும் குறைந்தன. அவருக்கு அது பொருட்டாக இருக்கவில்லை.

கொழும்பு முஸ்லிம்களிடையே ஆரம்ப வகுப்பில் எந்த மொழியில் கற்பிப்பது, தமிழா, ஆங்கிலமா, சிங்களமா, அரபு எந்த அளவுக்கு என்றெல்லாம் நீண்ட விவாதங்கள் நடந்தன. கிழக்கில் அந்த விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. உம்மாவின் மொழி தமிழ். வயலின் மொழி தமிழ். தாலாட்டும் கவியும் தமிழ். அது ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்தது.

தீராத சிக்கல் பெண்பிள்ளை வயதுக்கு வருவது.

ஆரம்ப வகுப்புகளில் ஆணும் பெண்ணும் கலந்து இருப்பதில் பெரும்பாலும் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஓதப்பள்ளியிலும் கலந்துதானே இருந்தது. ஐந்தாம் வகுப்பு வந்ததும் கதை மாறும். குமர்ப்பிள்ளை ஆண் ஆசிரியர் முன்னால் இருப்பதா, வீதியால் நடந்து போவதா என்ற கேள்வி வரும். வீட்டில் அடுத்த கவலை அவளுக்கு வீடு கட்டுவது. அவளை மறித்துவிடுவார்கள். இதில் எங்கள் சமூகத்தாரும் பெருமை பேச அதிகமில்லை. என் தாயாரின் வயதொத்த தன்னாமுனைப் பெண்கள் பலரும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்தான். ஆனால் எங்கள் ஊரில் மறித்தது பெரும்பாலும் வறுமை. ஏறாவூரில் வசதியுள்ள வீட்டிலும் மறித்தார்கள்.

பழைய சேர்விடாப்புகளைப் புரட்டிய ஆசிரியைகளுக்குத் தெரியும். விலகிய காரணம் என்றொரு நிரல் அதில் இருக்கும். அந்த நிரலில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்பது அந்த இரண்டு மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போகும்.

இதற்கு விடை கண்டவர்கள் மார்க்க வாதம் செய்தவர்கள் அல்ல, நடைமுறை மனிதர்கள். பெண் ஆசிரியை இருந்தால் பெற்றோர் அனுப்புவார்கள். பெண் ஆசிரியை வேண்டுமானால் பெண்கள் படித்திருக்க வேண்டும். இந்தச் சுற்றை எங்காவது வெட்டியாக வேண்டும். முஸ்லிம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அட்டாளைச்சேனையிலும், முஸ்லிம் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க அளுத்கமையிலும் ஏற்பட்ட கலாசாலைகள் அந்த வெட்டு. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டதும் அந்த வரிசையில் வருவது. முதலில் வந்த ஆசிரியைகள் சிலர்தான். ஆனால் ஒரு ஊருக்கு ஒரு ஆசிரியை போதும். சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, குடை பிடித்து, காலை வேளை பாடசாலைக்கு நடந்து போகும் ஒரு முஸ்லிம் ரீச்சரைத் தெரு பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்.

பிறகு அரசாங்கம். 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. எங்கள் பழைய மாணவியரில் மூத்தவர்களுக்கு அந்தச் சுவீகரிப்பு இன்றும் வலிக்கும். கன்னியர் வளவை விட்டுப் போன கதையைச் சொல்லும்போது கண் கலங்குபவர்களை அறிவேன். ஆனால் அதே நிகழ்வை ஏறாவூர் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. அதுவரை கல்வி என்றால் குருவானவரின் கதவைத் தட்டவேண்டும். இனி அரசாங்கத்தைக் கேட்கலாம். அக்காலக் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் ஒரு முஸ்லிம். 1970 முதல் 1977 வரை மீண்டும் அவரே அமைச்சர். முஸ்லிம் வித்தியாலயம் என்ற தனி வகை நிலைபெற்றது. ஆசிரிய நியமனங்கள் பெருகின. மௌலவி ஆசிரியர் என்ற பதவி அரச சம்பளத்தில் ஏற்பட்டது. 1972இன் சீர்திருத்தத்தோடு அவரவர் சமயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய பாடமானது. முஸ்லிம் பெண்பிள்ளைகளின் சீருடைக்கும் அங்கீகாரம் கிடைத்தது.

இவற்றிலெல்லாம் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது நாட்காட்டி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால், ஏறத்தாழ 33 ஆண்டுகளில் றமழான் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவரும். தவணைகளும் அதோடு சேர்ந்து நகரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னரே பாடசாலை விடும். பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. ஆனால் "பள்ளிக்கூடமா, மார்க்கமா" என்று ஒரு தாயைத் தெரிவு செய்யச் சொல்லாமல் இருப்பதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. சமய விழுமியத்தையும் புதுக்கல்வியையும் சமன் செய்வது எப்படி என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். மட்டக்களப்பில் அதைச் சமன் செய்தது நேரசூசி.

வேறு நாடுகளிலும் இப்படித்தான். கேரளத்தில் 1951 முதல் சமஸ்தாவின் கல்வி வாரியம் மத்ரஸாக்களை ஒரு பாடத்திட்டத்தின் கீழ் நடத்துகிறது. அங்கே பாடசாலை பத்து மணியளவில் தொடங்குவதால், அதற்கு முன் பிள்ளை மத்ரஸாவுக்குப் போய்வரலாம். 2025இல் பாடசாலை நேரத்தைச் சிறிது கூட்ட மாநில அரசு முனைந்தபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் அந்தக் காலை நேரம். இந்தோனேசியாவில் 1975இல் மூன்று அமைச்சர்கள் கூடி வேறு வழி கண்டனர்: மத்ரஸாவின் பாடங்களில் நூற்றுக்கு எழுபது பொதுப்பாடம், முப்பது மார்க்கம், அந்தச் சான்றிதழ் அரச பாடசாலைச் சான்றிதழுக்குச் சமம். கேரளம் இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இந்தோனேசியா ஒன்றுக்குள் மற்றதை வைத்தது. நாங்கள் கேரளத்துக்குக் கிட்ட, ஆனால் எங்கள் பாடசாலை மணி ஏழரைக்கே அடித்துவிடுகிறது.

நான் ஆசிரியையாகச் சில ஆண்டுகள் முஸ்லிம் பாடசாலையொன்றில் ஆரம்ப வகுப்புக் கற்பித்தவள். அக்காலத்தில் தமிழ் ஆசிரியைகள் அப்படிப் போவது வழமை. அங்கே நான் கண்ட சிலவற்றைச் சொல்லவேண்டும். முதலாம் வகுப்பில் சில பிள்ளைகள் கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து திறந்து, வலமிருந்து இடமாக எழுதத் தொடங்கும். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு எழுத்துமுறை தெரியும் என்பதை விளங்கிக்கொண்டால் அதைத் திருத்துவது இரண்டு வார வேலை. விளங்காமல் அதட்டினால் அந்தப் பிள்ளை எழுத்தையே வெறுக்கும். மனனம் செய்யும் ஆற்றல் அவர்களிடம் அபாரம். வாய்ப்பாடு ஒரே நாளில் ஒப்புவிப்பார்கள். ஆனால் "ஏன்?" என்று கேட்டால் முழிப்பார்கள். அதற்கு மார்க்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் மிஷன் பாடசாலையிலும் ஞானோபதேசத்தை நாங்கள் அப்படித்தான் ஒப்புவித்தோம்.

"டீச்சர், புள்ளைக்கி காலையில ஓதல் இரிக்கி, கொஞ்சம் சுணங்கித்தான் வரும், ஏசிராதீங்க" என்று தாய்மார் வாசலில் வந்து சொல்வார்கள். சுணங்கி வரும் பிள்ளை ஓடி வந்த களைப்பில் முதலாம் பாடத்தில் தூங்கும். அதே பாடசாலையில் இருந்த மௌலவி ஆசிரியர் ஒருவர் லெப்பைமாருடன் பேசி, பாடசாலை நாட்களில் காலை ஓதலைக் குறைத்து மாலையில் கூட்டிக்கொள்ளச் செய்தார். நான் போய்ச் சொல்லியிருந்தால் அது வேறு சமயத்தவளின் தலையீடாகியிருக்கும். அவர் சொன்னதால் நடந்தது.

இன்னொன்று. பின்னக் கணக்கில் நாற்பதில் ஒன்று என்பதை விளக்க ஸக்காத்தை எடுத்தேன். நூறு ரூபாவுக்கு இரண்டரை ரூபா. வகுப்பே விழித்துக்கொண்டது. வீட்டில் வாப்பா கணக்குப் பார்க்கும்போது கேட்ட சொல் வகுப்பில் கணக்காக வந்தது. பிறை பார்ப்பதும் தொழுகை நேரமும் சுற்றாடற் பாடத்துக்குத் தாமாகவே வந்து சேரும். இதற்கெல்லாம் சுற்றறிக்கை தேவைப்படவில்லை. பிள்ளையின் வீட்டை ஆசிரியை அறிந்திருந்தால் போதும்.

இனி, கொடுத்த விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தனிப் பாடசாலை முஸ்லிம் பெண்பிள்ளைக்குக் கதவைத் திறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் பாலிகா என்ற பெயருடன் மகளிர் பாடசாலைகள் எழுந்தன. அங்கு படித்தவர்கள் இன்று வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள். அதே வேளை, தன்னாமுனைப் பிள்ளையும் ஏறாவூர்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் வாய்ப்பு இல்லாமற் போனது. விடுமுறை வேறு, தவணைப் பரீட்சை வேறு, கடைசியில் நிருவாகமும் வேறு. மட்டக்களப்பு மத்தி என்ற கல்வி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய முஸ்லிம் பிரதேசங்களின் பாடசாலைகளைக் கொண்டது. தேசப்படத்தில் அவை ஒன்றையொன்று தொடாத துண்டுகள். இடையிலுள்ள தமிழ் ஊர்களின் பாடசாலைகள் வேறு வலயங்களில்.

1985இல் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தோடு என்னைப் போன்ற ஆசிரியைகள் இடமாற்றம் கேட்டு விலகத் தொடங்கினோம். 1990 பற்றி எழுதக் கை கூசுகிறது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட்களுக்குள் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் சிறுபிள்ளைகளும் பெண்களும். செப்டெம்பர் 9ஆம் திகதி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சத்துருக்கொண்டானில் தமிழர் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர்; அவர்களுள்ளும் பிள்ளைகள். அதன் பிறகு ஒரே பாடசாலை பற்றிப் பேச யாருக்கும் மனமிருக்கவில்லை. பேசியிருந்தாலும் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டாள். ஒரே வாங்கில் படித்திருந்தால் அந்தக் கொலைகள் நடந்திரா என்று சொல்லுமளவுக்கு நான் அப்பாவியல்ல. ஆனால் அவற்றுக்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் மற்ற ஊரின் பிள்ளை ஒருத்தியின் பெயரைக்கூட அறியாமல் வளர்ந்தார்கள் என்பது நான் கண்ட உண்மை.

2018இல் திருகோணமலையின் இந்து மகளிர் கல்லூரியொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். அதன் பின் நாடெங்கும் மத்ரஸாக்களை ஒழுங்குபடுத்துவது பற்றிய பேச்சு எழுந்தது. எழவேண்டிய பேச்சுத்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை அலிஃப், பே படிக்கும் திண்ணையையும் அதே சந்தேகக் கண்ணால் பார்த்தவர்கள், நூறு வருடத்துக்கு முன் அந்தத் தகப்பன் பயந்த பயத்தை மீண்டும் உண்டாக்குகிறார்கள் என்பதை உணரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது விதிக்கப்படவில்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியாரின் அனுமதி வேண்டும் என்பது மட்டுமே. அதை மாற்றக் கோரி முன்னின்று பேசுபவர்கள் முஸ்லிம் பெண்களே. பாலிகாக்களில் படித்த தலைமுறை அது. மார்க்கத்தை விட்டுவிட்டு அவர்கள் பேசவில்லை. குர்ஆனை ஓதவும் சட்டத்தை வாசிக்கவும் தெரிந்த நிலையில் பேசுகிறார்கள்.

இன்று ஓதலுக்குப் போட்டி மிஷனும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காலை ஏழரைக்குப் பாடசாலை, பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். அஸருக்குப் பின் மத்ரஸாவுக்கு வரும் பிள்ளைகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மட்டும் குறைகிறார்கள் என்று ஓதிக்கொடுப்பவர்கள் முறையிடுகிறார்கள். ஞாயிறு அஹதிய்யாவிலும் அதே கதை. எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியைகளும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். இந்த ஒரு முறைப்பாட்டிலாவது தன்னாமுனையும் ஏறாவூரும் ஒன்றாக நிற்கின்றன.

ஒரு வேண்டுகோள். எமது பாடசாலையில் அந்நாட்களில் படித்த முஸ்லிம் சகோதரிகள் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கொழும்பிலும், அதற்கப்பாலும் இருக்கிறீர்கள். நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள், வேத பாட நேரத்தில் எங்கே இருந்தீர்கள், யார் உங்களை அனுப்பினார்கள், யார் மறித்தார்கள் என்பதை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். உங்கள் உம்மாவோ மூத்தம்மாவோ சொன்ன கதையானாலும் சரி. கையெழுத்துப் பிரதியே போதும். அரபுத்தமிழில் எழுதினாலும் வாசித்துத் தருவதற்கு ஏறாவூரில் ஆள் இருக்கிறார்கள்.